ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஆஃப் ஒயிட்டில் எதை அடிப்பது?

குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் வீடு, பின்னால் ரப்பர் தோட்டம், கையில் இரண்டு ஷேடு கார்டு, "ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியல" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரு வெள்ளைத் தாள் மேல் வையுங்கள். ஒன்று சாம்பலாகவும் மற்றது லேசாக ரோஸாகவும் தெரியும். இப்படித்தான் நானும் கண்டுபிடித்தேன், என்ன, பெயிண்ட் அடித்து முடித்த பிறகு.

எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் ரப்பர்தான். நாங்கள் அடித்தது தை மாசம். ரப்பர் இலை உதிர்ந்து தோட்டம் மொட்டையாக நின்றது. வானத்து வெளிச்சம் நேராக ஜன்னலுக்குள் வந்தது. சாம்பல் சாயல் வெள்ளை அவ்வளவு அழகு. பங்குனியில் தளிர் முற்றி தோட்டம் அடைத்துக்கொண்டதும், அம்மா சுவரைத் தடவிப் பார்த்து, "மக்களே, பாசி புடிச்சிருக்கே" என்றாள். சுவரில் ஈரமே இல்லை. இலையில் பட்ட வெளிச்சம்தான் பச்சையாக உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆஃப் ஒயிட்டுக்குச் சொந்த நிறம் கொஞ்சம்தான், எதிரில் இருப்பதை வாங்கிக் காட்டிவிடும்.

அதனால் தோட்டத்தைப் பார்த்த அறைக்கு ரோஸ் சாயலே அடியுங்கள், பச்சையை அது அமுக்கும். ஆனால் பழைய சிவப்பு ஆக்சைடு தரை உள்ள ஹால் என்றால் கதை மாறும். மதிய வெயில் தரையில் பட்டு சுவரின் கீழ்ப்பாதியைச் சிவக்க வைக்கும். அங்கே சாம்பல் சாயல்தான் அடக்கமாக நிற்கும்.

சோதித்துப் பார்க்க சுவரிலேயே அடிக்காதீர்கள், பக்கத்திலிருக்கும் பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். வெள்ளை சார்ட் பேப்பரில் சுற்றிலும் ஓரம் விட்டு இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டு, சுவரோடு நிறுத்திக் காலையிலும் மதியமும் பாருங்கள். ராத்திரி, நீங்கள் உண்மையில் போடப்போகிற விளக்கில் பாருங்கள். 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை டியூபில் சாம்பல் இன்னும் குளிர்ந்துபோகும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ராத்திரி மட்டும் புழங்கும் அறைக்கு மண்டையை உடைக்க வேண்டாம்.

ஒரு அறைக்கு வேண்டியதைக் கடையில் ஒரே தடவையில் கலக்கி வாங்கிவிடுங்கள், மறுபடி கலக்கினால் நிறம் கொஞ்சம் மாறலாம். எனக்கு ஒரு லிட்டர் குறைந்து, மறுபடி போய் அதே ஷேடு நம்பரைச் சொல்லித்தான் வாங்கினேன். அலமாரி பக்கத்தில் அந்தத் திட்டு இன்றும் தனியாகத் தெரிகிறது. இப்போதைக்கு அதன் மேல் காலண்டர் தொங்குகிறது.