எலுமிச்சை இன மரங்களின் சத்துக் குறைபாடுகள்: கேள்வி பதில்

கேள்வி: எலுமிச்சைச் செடியின் இலைகள் மஞ்சளாகின்றன. இருமுறை யூரியா இட்டும் மாற்றம் இல்லை. அடுத்து எந்த உரம் இடலாம் ஐயா?

பதில்: உரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், மஞ்சளாவது அடி இலையா, நுனித் துளிரா என்று பாருங்கள். தழைச்சத்தும் மக்னீசியமும் குறையும்போது, செடி அவற்றை முதிர்ந்த இலைகளிலிருந்து எடுத்துத் துளிருக்குக் கொடுத்துவிடுவதால், அடி இலைகளே முதலில் வெளுக்கும். இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு ஆகியவை அவ்வாறு எளிதில் இடம்பெயர்வதில்லை என்பதால், அவற்றின் குறை இளந்துளிரில் தெரியும். அடி இலைகள் நரம்பு உட்பட ஒரே சீராக மஞ்சளாகியிருந்தால் மட்டுமே தழைச்சத்துக் குறையை ஐயுறலாம். உங்கள் செடியில் துளிர்தான் வெளுத்திருக்கிறது என்றால் யூரியா அதற்கு மருந்தாகாது.

கேள்வி: காய்கள் முதிரும் நேரத்தில் பழைய இலைகளின் ஓரம் மஞ்சளாகி, காம்பை ஒட்டி முக்கோண வடிவில் மட்டும் பச்சை எஞ்சுகிறது.

பதில்: இது மக்னீசியக் குறை. லிட்டருக்கு 10 கிராம் மக்னீசியம் சல்பேட் கரைத்து இலைகளில் தெளியுங்கள். சாம்பல்சத்து உரத்தை மிகுதியாக இட்டிருந்தால் அதைக் குறையுங்கள். அது மக்னீசியத்தை வேர் உறிஞ்சவிடாமல் தடுக்கும்.

கேள்வி: துளிர் இலைகள் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சை வலைபோலத் தெரிகின்றன. இரும்பு சல்பேட்டை மண்ணில் இட்டும் பயனில்லையே, ஏன்?

பதில்: இரும்புக் குறைதான், ஆனால் பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாததால் அன்று, இருப்பதை வேர் எடுக்க முடியாததால் வருவது. சுண்ணாம்பு மிகுந்த, கார அமில நிலை (pH) 7.5-ஐத் தாண்டிய மண்ணில், நீங்கள் இட்ட இரும்பு சல்பேட் விரைவிலேயே கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகைச் செலேட் இரும்பு, அதாவது கரிமச் சேர்மம் ஒன்று பிடித்து வைத்திருக்கும் இரும்பு, அத்தகைய மண்ணிலும் நிலைத்திருக்கும். விலை மலிவான இ.டி.டி.ஏ. (EDTA) வகை அங்கு நிலைக்காது. வாங்கும்போது பொட்டலத்தில் எந்த வகை என்று படித்துப் பாருங்கள். நீர் தேங்கும் இடமாயின் முதலில் வடிகாலைச் சீர்செய்யுங்கள், ஏனெனில் மூச்சுத் திணறும் வேருக்கு எந்தச் செலேட்டும் உதவாது.

கேள்வி: இலைகள் சிறுத்து, குறுகி, நரம்புகளுக்கு இடையே மஞ்சள் திட்டுகளுடன் கொத்தாக நிற்கின்றன. துத்தநாகக் குறையா, பசுமை நோயா (சிட்ரஸ் கிரீனிங் எனும் பாக்டீரியா நோய்)?

பதில்: நடுநரம்பின் இருபுறமும் திட்டுகள் ஒத்திருந்தால் பெரும்பாலும் துத்தநாகக் குறை, ஒருபுறம் ஒருவிதமாகவும் மறுபுறம் வேறுவிதமாகவும் இருந்தால் பசுமை நோயை ஐயுற வேண்டும். ஆயினும் நோயுற்ற மரத்திலும் துத்தநாகக் குறையின் அறிகுறிகள் தோன்றுவதால், ஐயம் இருந்தால் ஆய்வகப் பரிசோதனையே முடிவு சொல்லும். குறைபாடுதான் எனில், லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டுடன் 2.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பைத் தனியே கரைத்து, வடிகட்டிச் சேர்த்துத் தெளியுங்கள். சுண்ணாம்பு இலை கருகாமல் காக்கும். புதிய இலைகள் மூன்றில் இரண்டு பங்கு விரிந்து, இன்னும் மென்மையாக இருக்கும் பருவமே சிறந்தது. தெளித்த துத்தநாகம் அடுத்த துளிருக்குப் போதிய அளவு செல்லாது என்பதால், அப்போதும் கவனித்துத் தெளிக்க நேரும்.

கேள்வி: முன்னெச்சரிக்கையாக எல்லா நுண்ணூட்டங்களையும் கலந்து அடிக்கடி தெளிக்கலாமா?

பதில்: வேண்டாம். குறிப்பாகப் போரானில், தேவையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. காய்க்காத கிளைகளிலிருந்து 4 முதல் 6 மாத வயதுள்ள இலைகளைப் பறித்து ஆய்வுக்குக் கொடுத்து, குறைந்ததை மட்டும் கொடுங்கள்.