ரீட் என்றால் உச்சரிப்பது மட்டுமா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஆங்கிலப் பாடத்தைத் தடங்கலில்லாமல் ரீட் பண்ணுகிறான். பொருள் கேட்டால் விழிக்கிறான். அவனுக்கு ரீடிங் வரவில்லை என்கிறார் ஆசிரியை. ரீட் என்றால் எழுத்தைப் பார்த்து உச்சரிப்பதுதானே? புரிந்துகொள்வதற்குத்தான் அன்டர்ஸ்டாண்ட் என்று தனிச் சொல் இருக்கிறதே?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஆசிரியை சொல்வதுதான் சரி. சொல்லை வைத்து வாதாடுகிறீர்கள். அந்தச் சொல்லே உங்கள் கட்சியில் இல்லை.

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘ரேடன்’. யோசனை சொல்வது, ஊகிப்பது, கனவுக்குப் பலன் சொல்வது, விடுகதையை அவிழ்ப்பது எல்லாம் அந்த ஒரே வினைக்குள் அடங்கின. ஏட்டில் இருப்பதைப் படிப்பதும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. கோடும் சுழியுமாகக் கிடப்பதற்குள் என்ன இருக்கிறது என்று கண்டுசொல்வதும் புதிரை அவிழ்க்கிற வேலைதானே? ஜெர்மன்காரர்கள் படிப்பதற்கு வேறு சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய ‘லேசன்’ பொறுக்கிச் சேர்ப்பதையும் குறிக்கும்; திராட்சை அறுவடைக்கு இன்றும் ‘வைன்லேசே’ என்றுதான் பெயர். ரீடுக்கு உடன்பிறப்பான ‘ராட்டன்’ அங்கே இன்றைக்கும் யோசனை சொல்வதோடும் ஊகிப்பதோடும் நின்றுவிட்டது.

விடுகதைக்கு ஆங்கிலத்தில் ரிடில் என்கிறோமே, அதுவும் இதே வேரில் முளைத்ததுதான். பழைய வடிவம் ‘ரேடெல்ஸ்’. கடைசி ‘ஸ்’ஸைப் பன்மை என்று நினைத்துப் பின்னால் வந்தவர்கள் வெட்டிவிட்டார்கள்.

இங்கிலாந்தில் 978இல் பட்டத்துக்கு வந்த எதெல்ரெட் என்ற அரசரைப் பள்ளிப் புத்தகங்கள் ‘அன்ரெடி’ என்று குறிப்பிடும். ஆயத்தமில்லாதவர் என்று பலரும் பொருள் கொள்கிறார்கள். அது தவறு. பெயரில் இருக்கும் ‘ரெட்’, ரேடனோடு பிறந்த ‘ரேட்’ என்ற சொல்; பொருள் ஆலோசனை. எதெல்ரெட் என்றால் மேன்மையான ஆலோசனை. பட்டப்பெயரின் மூலவடிவமான ‘அன்ரேட்’ கெட்ட ஆலோசனையைக் குறிக்கும். 991இல் டேனியப் படைக்குப் பத்தாயிரம் பவுண்டு கப்பம் கட்டினார்கள். அந்த யோசனையை முதலில் சொன்னவர் கேன்டர்பரி பேராயர் சிகெரிக் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. அங்கேயும் இதே ‘ரேட்’தான் வருகிறது.

உங்கள் கருத்துக்கு இடம் தருவது தமிழின் ‘வாசி’தான். பேச்சைக் குறிக்கும் வடமொழி ‘வாச்’சிலிருந்து வந்தது, ஓசை அதற்குள்ளேயே இருக்கிறது. நாதஸ்வரம்கூட வாசிக்கிறோம் அல்லவா? ஆங்கிலச் சொல்லுக்கு ஓசை கட்டாயமில்லை, சொல்லப்போனால் எழுத்தே கட்டாயமில்லை. கிரிக்கெட் பார்க்கிறவராக இருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். முரளிதரன் ஆஃப் ஸ்பின் போடுகிற அதே கையசைவில் தூஸ்ரா போடுவார். உள்ளே திரும்பும் என்று மட்டையாளர் காத்திருப்பார். பந்து வெளியே போகும். ‘அவரால் ரீட் பண்ண முடியவில்லை’ என்று வர்ணனையாளர் சொல்வார். பந்தில் என்ன எழுதியிருந்தது? மணிக்கட்டைப் பார்த்துப் பந்தின் போக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். ரேடனின் பழைய பொருள் அங்கே அப்படியே உயிரோடு இருக்கிறது.

இங்கிலாந்தின் எக்ஸிடர் பேராலயத்தில் பத்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்று இருக்கிறது. தொண்ணூறுக்கு மேற்பட்ட விடுகதைகள் கொண்டது. அதில் ஆறே வரியில் ஒன்று: ஒரு பூச்சி இருட்டில் திருடனைப் போல வந்து, யாரோ ஒருவருடைய சொற்களைத் தின்றுவிடுகிறது; அவ்வளவு சொற்களை விழுங்கியும் அதற்குத் துளியும் அறிவு கூடவில்லை. விடை, ஏட்டை அரிக்கும் புழு. உங்கள் மகனின் ஆசிரியை கவலைப்படுவதும் இதை நினைத்துத்தான்.

பையன் தடங்கலில்லாமல் உச்சரிப்பது நல்ல விஷயம், பாதி வேலை முடிந்தது. இன்று மாலை ஒரே ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, அதில் என்ன நடந்தது என்று தமிழில் கேளுங்கள். திணறினால் திட்ட வேண்டாம். பத்தியை மறுபடி திறந்து, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.