இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஓடுகிறது: வண்டி மாறுபவர்களின் கேள்விகள்

புது வண்டி வாங்கியவர்கள், வாடகைக்கு எடுத்தவர்கள், அண்ணன் வண்டியை இரவல் வாங்கியவர்கள் என்று பலரும் ஏறக்குறைய ஒரே சங்கடத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆறு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

பத்து வருடம் ஜப்பானியக் கார் ஓட்டினேன். இப்போது ஐரோப்பியக் கார். திரும்பும்போது இண்டிகேட்டர் போடப் போனால் சுள்ளென்ற வெயிலில் வைப்பர் ஓடுகிறது. ஏன் இப்படி மாற்றி வைக்கிறார்கள்?

ஜப்பானில் ஸ்டீயரிங் வலப்பக்கம். இடது கை கியர் மாற்றும், வலது கை சும்மா இருக்கும். அதனால் இண்டிகேட்டர் வலப்பக்கம் வந்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஸ்டீயரிங் இடப்பக்கம், ஆகவே இண்டிகேட்டரும் இடப்பக்கம். இரண்டுமே நியாயம்தான். ஐரோப்பிய நிறுவனங்கள் வலப்பக்க ஸ்டீயரிங் கார் செய்யும்போதும் செலவை மிச்சம் பிடிக்க அதே லீவர்களை அப்படியே பொருத்துவதில்தான் சிக்கல். கியருக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே இடது கை என்றாகிவிடுகிறது. ஐ.நா. வாகன விதி எண் 121 எந்தப் பொத்தானுக்கு எந்தக் குறி, அது ஓட்டுநரின் கைக்கு எட்ட வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. இண்டிகேட்டர் இடமா வலமா என்பதை மட்டும் சொல்வதில்லை.

வெயிலில் வைப்பர் ஓடினால் ஒன்றும் கெட்டுப்போகாது. பின்னால் வருபவருக்குச் சைகை போகவில்லையே, அதுதான் ஆபத்து. எனவே வைப்பரை நிறுத்தத் தடுமாறாதீர்கள். அது பாட்டுக்கு ஓடட்டும், முதலில் இண்டிகேட்டரைப் போடுங்கள். நிறுத்திய காரில் உட்கார்ந்து, லீவரைப் பார்க்காமல் இருபது தடவை இடமும் வலமும் போட்டுப் பழகினால் கை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இரண்டு கார்களையும் மாறி மாறி ஓட்டுபவர்களுக்கு மட்டும் இந்தக் குழப்பம் முழுதாகத் தீராது. அவசரத்தில் பழைய கைதான் முந்திக்கொள்ளும்.

பெடல்கள் மட்டும் எல்லாக் காரிலும் ஒரே வரிசையில் இருக்கின்றனவே, அது எப்படி?

ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யிலும் மூன்று பெடல்கள் உண்டு. இடது பெடல் கியருக்கு, நடுப்பெடல் ரிவர்ஸுக்கு, வலது பெடல் பிரேக்குக்கு. ஆக்ஸிலேட்டர் ஸ்டீயரிங்கின் கீழே, கையால் நகர்த்தும் லீவராக இருந்தது. இன்றைய ஓட்டுநரை அதில் உட்கார வைத்தால் வேகம் கூட்டுவதாக நினைத்துப் பிரேக்கை மிதிப்பார். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் என்ற இன்றைய வரிசை 1916ஆம் ஆண்டின் காடிலாக் டைப் 53இல் வந்தது. 1922இல் வந்த ஆஸ்டின் 7 அதைப் பரப்பியது. அதற்குப் பிறகும் பழைய பென்ட்லி போன்ற சில கார்களில் ஆக்ஸிலேட்டர் நடுவில்தான்.

அப்புறம், இன்றும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சில ஆட்டோமேட்டிக் கார்களில் பார்க்கிங் பிரேக்கைக் காலால் மிதிக்க வேண்டும். அது இருக்கும் இடம், நம் இடது கால் கிளட்சைத் தேடும் அதே ஓரம். வாடகைக் கார் ஒன்றில் சிக்னலை நெருங்கும்போது பழக்கதோஷத்தில் அதை ஓங்கி மிதித்துவிட்டு, பின்னால் வந்தவரிடம் நான் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது. ஆட்டோமேட்டிக்கில் ஏறியதும் இடது காலைப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பைக்கும் கியர் இல்லாத ஸ்கூட்டரும் இருக்கின்றன. இரண்டையும் ஓட்டுகிறேன். இதில் ஆபத்து உண்டா?

உண்டு. இந்தத் தொகுப்பில் நான் அதிகம் கவலைப்படும் கேள்வி இதுதான். காரில் லீவர்கள் இடம் மாறுகின்றன. இங்கே ஒரே இடத்தில் இருக்கும் ஒரே மாதிரி லீவர் வேறு வேலை செய்கிறது. ஸ்கூட்டரில் இடது லீவர் பிரேக். பைக்கில் அது கிளட்ச்.

ஸ்கூட்டர் பழகிய கை பைக்கில் பதற்றத்தில் இடது லீவரைப் பிடித்தால் வண்டி நிற்காது. எஞ்சினின் பிடியும் விட்டுப்போய் வண்டி தானாக உருளும். பைக் பழகிய கை, கிளட்சைப் பிடிப்பதுபோல் ஸ்கூட்டரில் முழுதாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம். பிரேக்கைத் தேடும் வலது காலுக்கு வெறும் தரைதான் கிடைக்கும்.

இரண்டிலும் மாறாதது வலது லீவர், அதாவது முன் பிரேக். நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு அதனுடையது. முதலில் வலது கை என்று பழகுங்கள்; வெடுக்கென்று அல்ல, பிழிவதுபோல் படிப்படியாக. ஆள் இல்லாத இடத்தில் குறைந்த வேகத்தில் பத்து முறை நிறுத்திப் பாருங்கள்.

பழைய பிரிட்டிஷ் பைக் ஓட்டக் கிடைத்தால் கூடுதல் கவனம் தேவை. அவற்றில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். 1970களில் அமெரிக்கா கியர் இடப்பக்கம்தான் என்று விதி போட்ட பிறகே அந்த நிறுவனங்கள் மாற்றிக்கொண்டன.

ஆட்டோமேட்டிக் காரைப் "பி"யில் (பார்க்கிங் நிலை) போட்டதாக நினைத்து இறங்கினேன். கார் மெல்ல உருண்டது. தவறு என்னுடையதா?

பாதிதான் உங்களுடையது. சில கார்களின் கியர் லீவர், எதில் போட்டாலும் விட்டவுடன் நடுவுக்கே திரும்பிவிடும். கைக்கு ஒன்றும் தெரியாது, திரையைப் பார்த்தால்தான் உண்டு. இந்த மாதிரி லீவருக்காக 2016இல் ஃபியட் கிறைஸ்லர் உலகெங்கும் 11 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. லீவரை நம்பாதீர்கள், எழுத்தைப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, காலை மெதுவாக எடுத்து, கார் அசையவில்லை என்று தெரிந்த பிறகு கதவைத் திறங்கள்.

சாவி இல்லாத, பொத்தான் வைத்த கார். ஓடும்போது ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கொண்டால் எஞ்சினை எப்படி அணைப்பது?

முதலில் பிரேக்கை முழு வலுவோடு ஒரே மிதியாக மிதித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் அலறட்டும், கவலையில்லை. ஓரம் கட்டி நின்றபின் அணைக்கலாம். ஓடும் காரில் பொத்தானை ஒருமுறை தட்டினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. சில கார்களில் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும், சிலவற்றில் அடுத்தடுத்துப் பலமுறை தட்டினாலும் அணையும். 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில், சர்வீஸுக்கு விட்ட காருக்குப் பதிலாகத் தற்காலிகமாகக் கொடுக்கப்பட்ட ஒரு லெக்ஸஸ் காரில் தரையில் விரித்திருந்த மிதியடி ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொண்டு நால்வர் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவலர், ஓட்டத் தெரியாதவர் அல்ல. அந்தக் காரின் பொத்தானை மூன்று விநாடி அழுத்தினால்தான் எஞ்சின் அணையும். இரவல் காரில் இதையெல்லாம் யார் சொல்லித் தருகிறார்கள்? கையேட்டின் அந்த ஒரு பக்கத்தையாவது கிளம்பும்முன் படித்துவிடுங்கள்.

பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு முறையும் இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது!

வேண்டாம். இன்றைய பெரும்பாலான கார்களில் எரிபொருள் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அது காட்டும் பக்கம்தான் மூடி. 1986இல், பெட்ரோல் பங்கில் தவறான பக்கம் நிறுத்தி மழையில் நனைந்த எரிச்சலில், ஃபோர்டு பொறியாளர் ஜிம் மொய்லன் கொடுத்த யோசனை அது. அந்த மூடியைத் திறக்கும் லீவர் சீட்டுக்குக் கீழேயா, கதவிலா, டேஷ்போர்டுக்கு அடியிலா என்று காட்டத்தான் இன்னும் யாரும் அம்பு போடவில்லை.