வயது போன சின்ன நாய்க்கு ஈரல் நொதியம் கூடினால் பயப்பட வேண்டுமா?

11 வயதுப் பொமரேனியனுக்கு இரத்தப் பரிசோதனையில் ஏ.எல்.பி. என்ற ஈரல் நொதியம் கூட, ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறது, ஈரல் பழுதாகிவிட்டதா என்று களுவாஞ்சிக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. வயதான நாய்களில் ஏ.எல்.பி. கூடுவது சாதாரணம். ஈரலில் வரும் தீங்கற்ற முடிச்சுகள், ஸ்டீரொயிட் மருந்து, வலிப்புக்குக் கொடுக்கும் பினோபாபிட்டோன், குஷிங் நோய் (உடலில் கோர்ட்டிசோல் ஹோர்மோன் மிகையாவது) எல்லாமே அதைக் கூட்டும். நாய் அதிகம் தண்ணீர் குடித்து, வயிறு தொங்கி, முடி கொட்டினால் குஷிங்கைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

ஏ.எல்.டி. என்ற நொதியம் வேறு; ஈரல் கலங்கள் சேதமானால் கசிவது அது. இரண்டுமே ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டாது. அதற்கு இரத்தத்தில் அல்புமின் (ஈரல் செய்யும் புரதம்), பிலிருபின் (மஞ்சள் நிறமி), வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு 2 மணித்தியாலத்தின் பின்னும் பார்க்கும் பித்த அமிலம் ஆகியவற்றின் அளவு வேண்டும். சின்ன இனங்களுக்குப் பித்தப்பையில் சளி கட்டியாக உறையும் தொல்லையும் உண்டு. அதை ஸ்கானில்தான் பார்க்கலாம். முடிந்தால் ஸ்கான் எடுத்துவிடுங்கள்.

நம் பக்கத்தில் இன்னொன்று: எலிக்காய்ச்சல். வயல் தண்ணீர், எலி மூத்திரம் வழியாக நாய்க்கும் வரும், ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். வருடாந்தத் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். உண்ணிக் காய்ச்சலிலும் கண் மஞ்சளாகலாம். எல்லாச் செங்கண்மாரியும் ஈரலால் வருவதில்லை.

முரசு மஞ்சளானால், வயிறு உப்பினால், மலம் கறுத்தால் அன்றே மிருக வைத்தியரிடம் போங்கள். வீட்டிலிருக்கும் பனடோலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.