வலை ஈயத்தை உருக்கி எழுத்து வார்க்கலாமா?

கேள்வி: வாப்பா காலத்து அச்சகத்தில் டிரெடில் அச்சு இயந்திரம் மட்டும் இன்னும் ஓடுகிறது. கல்யாணப் பத்திரிகையை ஈய எழுத்தில் அடித்துத் தரச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள். மதுரை வியாபாரி ஒருவரிடம் ஈய எழுத்து வார்க்கும் பழைய மோனோடைப் சூப்பர் காஸ்டர் இயந்திரம் இருக்கிறது. ஹீட்டர், மோட்டார், மோல்டு எல்லாம் புதிதாக மாற்றித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா சார்? இங்கே வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு மலிவு. அதையே உருக்கிக்கொள்ளலாமா?
- கீழக்கரை வாசகர்

பதில்: ஹீட்டரும் மோட்டாரும் சரி. மோல்டையும் மாற்றித் தருகிறேன் என்கிறாரே, அதுதான் இடிக்கிறது. அந்த இயந்திரத்தின் உயிரே எழுத்தின் உடலை வார்க்கும் மோல்டும், எழுத்தின் வடிவம் குழிந்திருக்கும் மேட்ரிக்ஸும்தான். மற்றதில் பெரும்பாலானதை நல்ல லேத் பட்டறையில் சரிசெய்துவிடலாம். மோல்டின் எஃகுத் துண்டுகள் இம்மியும் இடைவெளி இல்லாமல் உரசி நகர வேண்டும். கொஞ்சம் தேய்ந்தாலும் ஈயம் இடுக்கில் புகுந்து எழுத்தின் ஓரத்தில் பிசிறு கட்டும். அவர் சொல்லும் 'புதிது' உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பளபளப்பாக இருந்தால், பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான்.

நேரில் போய் வார்த்துக் காட்டச் சொல்லுங்கள். கையில் மைக்ரோமீட்டர் இருக்கட்டும். 24 பாயின்ட் எழுத்தின் உடல் 0.332 அங்குலம், மேலே அளந்தாலும் அடியில் அளந்தாலும் அதே அளவு வர வேண்டும். ஒரு எழுத்தைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். உள்ளே பெரிய பொந்து இருந்தால் ஈயத்தை மோல்டுக்குள் தள்ளும் பம்ப் பிஸ்டன் தேய்ந்திருக்கலாம், அல்லது சூடு சரியில்லை.

அப்புறம் மேட்ரிக்ஸ் பெட்டி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய செட் என்றால் லை, ணை, னை எல்லாம் துதிக்கை போட்ட பழைய வடிவத்தில் இருக்கும். பத்திரிகைக்கு அதையே ஆசையாகக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் தெரிந்து வாங்குங்கள். தமிழ் மேட்ரிக்ஸே இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது கவனம். பாத்திரத்தில் உறைந்த ஈயத்துக்குள் பிஸ்டன் மாட்டியிருக்கும். அதைத் தட்டி எடுக்கப் பார்க்காதீர்கள். மெதுவாகச் சூடேற்றி, முழுக்க உருகியபின் தூக்குங்கள். அடியில் உருகி மேலே ஆடை கட்டி நின்றால், விரியும் ஈயம் கிடைத்த வழியில் பீச்சியடிக்கும். பாத்திரத்தைச் சுற்றி வெளுத்த நார்ப்பஞ்சு தெரிந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைச் சுரண்டாமல், ஊதாமல், அந்த வேலை தெரிந்தவரிடம் விட்டு, செராமிக் கம்பளி சுற்றச் சொல்லுங்கள்.

பணம் போட வேண்டிய இடம் வெப்பக் கட்டுப்பாடு. பழைய தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளும், அதைப் பார்த்து ஹீட்டரைத் தானே கூட்டிக் குறைக்கும் பிஐடி கன்ட்ரோலரும் பொருத்தினால் சூடு 350 டிகிரி செல்சியஸை ஒட்டி நிலையாக நிற்கும். மோட்டாருக்கு, தகட்டைப் படியுங்கள்: 220/380 வோல்ட் என்றிருந்தால் டெல்டாவில் (முக்கோண இணைப்பில்) கட்டி, சிங்கிள் பேஸை மூன்று பேஸாக்கித் தரும் விஎஃப்டி வைத்து ஓட்டலாம். 415 மட்டும் என்றால் வேறு மோட்டார்தான்.

வலை ஈயம் வேண்டவே வேண்டாம். அது மெத்தென்ற ஈயம். டிரெடிலின் அழுத்தத்தில் எழுத்து நசுங்கிவிடும். இந்த இயந்திரத்துக்கான அச்சு ஈயத்தில் நூற்றுக்கு 15 பங்கோ அதற்கு மேலோ ஆண்டிமனியும், 6 முதல் 10 பங்கு வெள்ளீயமும் இருக்கும். இன்னொன்று, கடலில் கிடந்த குண்டின் துளைக்குள் ஈரம் ஒளிந்திருக்கும். உருகிய ஈயத்தில் அது விழுந்தால் நீராவியாக வெடித்து முகத்தில் தெறிக்கும். மூடிய அச்சகங்களின் தேய்ந்த எழுத்தை எடைக்கு வாங்குங்கள். அதில் கோடு அடிக்கும் பித்தளை ரூல், படம் அடிக்கும் துத்தநாக பிளாக் கலந்திருந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். துத்தநாகம் சேர்ந்த ஈயம் மோல்டில் சரியாக ஓடாது. ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் டீ கிளாஸைத் தொடாதீர்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு, வேலை முடிந்ததும் மோல்டில் எண்ணெய் தடவி டப்பாவில் போட்டு மூடுங்கள்.

பில்லில் மேட்ரிக்ஸ் எண்ணிக்கை, மோல்டு அளவு, 'ஓடும் நிலையில்' என்ற வார்த்தை, மூன்றும் இருக்க வேண்டும். பிழைப்புக்கான சுயதொழிலுக்கு வாங்கினால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். வியாபாரி மதுரையில் இருந்தாலும் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பாருங்கள்.