டிசம்பர்ல வந்த குடும்ப போட்டோவுக்குப் பதில் போட்டே ஆகணுமா?

கேள்வி: என்கூட வேலை பாக்குற ரெண்டு மூணு பேர் வருஷா வருஷம் டிசம்பர்ல குடும்ப போட்டோ போட்ட கார்டு அனுப்புறாங்க. நாங்க கிறிஸ்துமஸ் கொண்டாடுறவங்க இல்ல. பாத்தா 'எங்களப் பாருங்க'ன்னு பெருமை அடிக்கிற மாதிரிதான் தெரியுது. நாங்களும் போட்டோ எடுத்து அனுப்பியே ஆகணுமா, இல்ல வாட்ஸ்அப்ல ஒரு தேங்க்ஸ் போட்டா போதுமா?

பதில்: அனுப்பியே ஆகணும்னு ஒண்ணும் இல்ல. ஆனா 'பெருமை அடிக்கிறாங்க'ன்னு சொன்னீங்க பாருங்க, அத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். பிள்ளைங்கள நிக்க வச்சு, ஒண்ணு கேமராவப் பாத்தா இன்னொண்ணு கண்ண மூடிக்கிட்டு, எடுத்த போட்டோல எல்லாம் ஒண்ணே ஒண்ணு தேறி, அத பிரிண்ட் போட்டு, உங்க அட்ரஸத் தேடிப் பிடிச்சு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிருக்காங்க. பெருமை அடிக்கணும்னா ஸ்டேட்டஸ்ல போட்டுட்டுப் போயிருப்பாங்களே, ஒரு நிமிஷ வேல. அந்த அட்டை சொல்றது ஒண்ணுதான், இந்த வருஷமும் உங்க பேரு எங்க லிஸ்ட்ல இருக்குன்னு.

1843ல லண்டன்ல ஹென்றி கோல்னு ஒருத்தர், வந்து குவிஞ்ச லெட்டருக்கு எல்லாம் பதில் எழுத நேரம் இல்லாமத்தான் ஜான் கால்காட் ஹார்ஸ்லிங்கிற ஓவியர வச்சு ஒரு கார்டு வரைய வச்சாரு. அதுக்கு மூணு வருஷம் முன்னாடிதான் அங்க ஒரு பென்னி காசுக்கே லெட்டர் போடுற தபால் முறை வந்திருந்துச்சு, லெட்டர் போடுறது திடீர்னு மலிவாயிடுச்சு. விலைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் கார்டுன்னு சொல்றது அதத்தான், ஆயிரம் பிரதி அடிச்சாங்க, ஒண்ணு ஒரு ஷில்லிங். அதுலயும் நடுவுல ஒரு குடும்பம்தான் உக்காந்திருக்கு! (சின்னப் பிள்ளை வாயில ஒயின் கிளாஸ வைக்கிற மாதிரி வரைஞ்சதுக்கு மதுவிலக்குக்காரங்க கொதிச்சது தனிக் கதை.) எனக்கு அதுல பிடிச்சது, யாருக்கு, யார்கிட்ட இருந்துன்னு கையால எழுத மேலயும் கீழயும் விட்டிருந்த இடம். நேரமில்லாத ஆளு கூட அந்த இடத்த அச்சுக்குக் கொடுக்கல.

இப்ப கையால எழுதுற அந்த இடம்தான் இல்லாமப் போச்சு, அனுப்புறவங்க மேல எனக்குக் கோபம் வர்றது அங்கதான். எங்கப்பா தவறின வருஷம் டிசம்பர்ல வீட்டுக்கு ரெண்டு கார்டு வந்துச்சு. ஒண்ணுல எல்லாமே அச்சு, உறை மேல லேபிள்ல அப்பா பேரு. அம்மா அதப் பிரிக்கவே இல்ல. இன்னொண்ணு மாடிப்படில வரிசையா நாலு பேர் உக்காந்திருக்குற சாதாரண போட்டோ, திருப்பிப் பாத்தா பால்பாயின்ட் பேனால அழுத்தி எழுதி எழுத்து முன்பக்கம் புடைச்சிருந்துச்சு: "போன வருஷம் அப்பா இதக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்தாருன்னு சொன்னீங்க. இந்த வருஷம் நீங்க பதில் போட வேண்டாம்." அம்மா அத வெரலால தடவித் தடவிப் பாத்தாங்க.

துக்க வீட்டுக்கு வாழ்த்து போகாம இருக்க ஜப்பான்ல ஒரு வழியே வச்சிருக்காங்க. அங்க கிறிஸ்துமஸ் கார்ட விட, புத்தாண்டுக்குப் போடுற நெங்காஜோங்கிற தபால் அட்டைதான் முக்கியம். டிசம்பர் 25க்குள்ள போட்டுட்டா ஜனவரி 1 அன்னிக்கே கொண்டு வந்து கொடுப்பாங்க, 1949ல இருந்து அதுல லாட்டரி நம்பரும் உண்டு. ஆனா வீட்டுல துக்கம்னா, அந்த வீட்டுக்காரங்களே டிசம்பர் தொடக்கத்துக்குள்ள எல்லாருக்கும் மோச்சூ அட்டைன்னு ஒண்ணு போட்டுருவாங்க, இந்த வருஷம் நாங்க வாழ்த்து அனுப்பலன்னு. அது கைக்கு வந்தவங்க நெங்காஜோ போடாம நிறுத்திக்குவாங்க. குழந்தைங்க போட்டோவ எல்லாருக்கும் அனுப்பலாமாங்கிற பேச்சும் அங்க ரொம்ப நாளா ஓடுது, குழந்தைக்காக ஏங்கிட்டு இருக்குறவங்க வீட்டுல அந்தக் கார்டு என்ன பண்ணும்னு யோசிச்சு, சொந்தக்காரங்களுக்கு போட்டோ போட்டது, மத்தவங்களுக்கு போட்டோ இல்லாததுன்னு ரெண்டு விதமா அடிக்கிறவங்க நிறைய பேர். இது வீண் சிரமம்னு சிலர் சொல்லுவாங்க. எனக்கு அதுதான் மரியாதையாத் தெரியுது.

உங்க விஷயத்துக்கு வர்றேன். கிறிஸ்துமஸ் கொண்டாடலங்கிறது ஒரு தடையே இல்ல, ஏன்னா பதில் டிசம்பர்லயே போகணும்னு யாரும் சொல்லல. யூதர்களுக்குப் புத்தாண்டு செப்டம்பர் அக்டோபர்ல வரும், வாழ்த்து அட்டை அப்பத்தான் போகும். நவ்ரூஸ்ங்கிற பாரசீகப் புத்தாண்டு கொண்டாடுறவங்களுக்கு மார்ச் 20 வாக்குல. உங்களுக்கு எது பண்டிகையோ அன்னிக்கு, இது எங்க வீட்டுப் பண்டிகைன்னு ஒரு வரி சேத்து அனுப்புங்க, வாங்குறவங்க சந்தோஷப்படுவாங்க. லேட் ஆயிடுச்சேன்னும் கூச்சப்பட வேண்டாம், ஜப்பான்லயே ஜனவரி 7 தாண்டிட்டா குளிர்கால நலம் விசாரிப்புன்னு வேற பேர்ல பிப்ரவரி தொடக்கம் வரைக்கும் பதில் போடுறாங்க.

குடும்ப போட்டோ போட இஷ்டமில்லன்னா போடாதீங்க. பிள்ளைங்க முகம் வெளிய போக வேண்டாம்னு நினைக்கிறது உங்க உரிமை, வெறும் அட்டை போதும். வாட்ஸ்அப்பும் போதும்தான், ஆனா கை கும்பிடுற அந்தப் படத்த மட்டும் தட்டி விட்டுட்டுப் போகாதீங்க. வந்த கார்ட இன்னொரு தடவ எடுத்து நிதானமாப் பாருங்க, போன வருஷம் மடியில இருந்த குழந்தை இந்த வருஷம் நிக்குதா, சின்னவனுக்கு முன்பல்லு விழுந்திருக்கா, பாட்டிய ஏன் காணோம். கண்ணுல பட்டத எழுதிக் கேளுங்க.