ஆங்கிலத்தில் 97, அதை யாரும் சொல்லவில்லை

போன சனிக்கிழமை சாயங்காலம் மேற்படிப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் பெரம்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை, அம்மா வீட்டிலேயே தையல், பிளஸ் டூ முடித்த ஒரே பெண். கூடவே, நான் வரச் சொல்லாத ஒரு பெரியப்பா.

"கட்-ஆஃப் 122 மேடம்" என்று அப்பா ஆரம்பித்தார், ஏதோ உடம்பில் கட்டி இருப்பதைச் சொல்வதுபோல. கணக்கில் 58, இயற்பியலில் 62, வேதியியலில் 66. மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கிய பிறகுதான் ஆங்கிலத்தில் 97 என்று தெரிந்தது. கணக்கு முழுதாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேர்ந்து 200க்குப் போடும் பொறியியல் கட்-ஆஃபில் ஆங்கிலம் சேராது. அதனால் அந்த வீட்டில் அது மார்க் கணக்கிலேயே இல்லை.

ஏற்பாடு ஏற்கெனவே முடிந்திருந்தது. ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். நாலு வருடத்துக்கு ஃபீஸ், பஸ் எல்லாம் சேர்த்து 9 லட்சம். பாதி அம்மாவின் நகை, மீதி கடன். முன்பணமாக 50,000 கட்டியாகிவிட்டது. "அப்படியே ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸிலும் சேர்த்துவிட்டால் ஐ.டி.யில் சுலபமாக உட்கார்ந்துவிடுவாள்" என்றார் பெரியப்பா. 97 வாங்கிய பெண்ணுக்கு!

நானும் வழக்கம்போல, கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். ஃபைலுக்கு அடியில் இருந்த ரஃப் நோட்டை எடுத்துப் புரட்டியதும் அந்தப் பேச்சு நின்றுபோனது.

நோட்டின் பின்பக்கத்திலிருந்து தலைகீழாக எழுதியிருந்தாள். முதல் வரி: "கெட் ஆன் – பஸ், ட்ரெயின். கெட் இன் – கார், ஆட்டோ. தமிழில் எல்லாவற்றுக்கும் ஏறு." அதன் கீழே கேள்விக்குறியோடு, "உள்ளே எழுந்து நடக்க முடிந்தால் ஆன், உட்கார மட்டும் முடிந்தால் இன்?" இதைப் பள்ளியில் சொல்லித் தந்தார்களா என்று கேட்டேன். "இல்லை மேடம், கடையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது யோசித்தது" என்றாள்.

அடுத்த பக்கம் இன்னும் அழகு. "டர்ன் ஆஃப் த ஃபேன் சரி. டர்ன் த ஃபேன் ஆஃப் சரி. டர்ன் இட் ஆஃப் சரி. டர்ன் ஆஃப் இட் தப்பு. ஆனால் லுக் ஆஃப்டர் இட் சரி, லுக் இட் ஆஃப்டர் தப்பு. ஏன்?"

அந்த 'ஏன்' சாதாரணக் கேள்வி இல்லை. டர்ன் ஆஃபில் வரும் 'ஆஃப்' வினையின் ஆள். செயப்படுபொருளை நடுவே உட்காரவிட்டு நகர்ந்துகொள்ளும். 'இட்' மாதிரிச் சின்னச் சொல் வந்தால் நகர்ந்தே ஆக வேண்டும். லுக் ஆஃப்டரில் வரும் 'ஆஃப்டர்' ப்ரிப்பொசிஷன். தனக்குப் பின்னால் வரும் பெயரின் கையை விடவே விடாது. புட் அப் வித் என்பதில் இரண்டும் உண்டு: அப் வினைக்கு, வித் பெயருக்கு. தமிழில் இதே வேலையைத் துணைவினை செய்கிறது. பார் என்பது வேறு, பார்த்துக்கொள் வேறு. விடு வேறு, விட்டுக்கொடு வேறு. புட் அப் வித் என்பதற்கு நம் சொல் பொறுத்துக்கொள்.

கடைசியில் ஒரு பட்டியல் இருந்தது. லாக்கப், மேக்கப், கெட்டப், பிக்கப், கட்-ஆஃப். "எல்லாம் அங்கே வினையாகவும் வரும், பெயராகவும் வரும். இங்கே வந்ததும் பெயர் மட்டும். ஸ்விட்ச் ஆன் என்பதில் ஸ்விட்சைத் தூக்கிப்போட்டுவிட்டு ஆன் பண்ணு என்கிறோம்." அப்பா நாள் முழுக்கப் புலம்பிய அந்தக் கட்-ஆஃபை மகள் இப்படிப் பார்த்து வைத்திருக்கிறாள்.

அதனால் நேராகவே சொன்னேன். கணக்கில் 58 வாங்கிய, கணக்கென்றால் முகம் சுளிக்கிற பெண்ணை 9 லட்சம் கொடுத்துக் கணக்கிலேயே கொண்டுபோய்த் தள்ளுகிறீர்கள். முதல் இரண்டு வருடமும் கணக்குத் தாள் உண்டு. அரியர் விழுந்தால் அதை எழுதப்போவது பெரியப்பா இல்லை. அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் வேண்டவே வேண்டாம். டர்ன் ஆஃப், லுக் ஆஃப்டர் மாதிரி 500 ஃப்ரேசல் வெர்பை அகரவரிசையில் ஜெராக்ஸ் எடுத்துத் தந்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். எந்த மொழியும் அகரவரிசையில் பேசப்படுவதில்லை. அந்த மாதிரி வகுப்புகளிலிருந்து 'கோப் அப் வித்' என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தவர்களை நான் நேர்முகத் தேர்வுகளில் பார்த்திருக்கிறேன். சமாளிப்பது என்பதற்குக் கோப் வித் போதும், நடுவில் அப் கிடையாது. காலேஜ் 'பாஸ் அவுட்' ஆனேன் என்று லண்டன்காரரிடம் சொன்னால், மயங்கி விழுந்துவிட்டீர்களா என்று கேட்பார்.

பி.ஏ. ஆங்கிலம் என்றதும் அம்மா, "டீச்சர் வேலையா மேடம்?" என்றார். பி.எட்., வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது மொழி எப்படி இயங்குகிறது என்று ஆராயும் மொழியியலும், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் துறையும். 1840இல் தொடங்கிய மாநிலக் கல்லூரி, 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி, இரண்டும் மெரினாவுக்கு எதிரே, இரண்டிலும் பி.ஏ. ஆங்கிலம் உண்டு. தனியார் கல்லூரி பஸ்ஸுக்கு ஒரு வருடம் கட்டும் பணத்தில் அங்கே மூன்று வருடப் படிப்பே முடிந்துவிடும். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு வரும். இவளுக்கு வராது, மெட்ரிகுலேஷன்.

அப்புறம் எம்.ஏ. ஹைதராபாதில் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1958இல் ஆங்கிலம் கற்பிப்பதற்கான மத்திய நிறுவனமாகத் தொடங்கியது, 2007இல் மத்தியப் பல்கலைக்கழகம் ஆனது. மொழியியலுக்கென்றே தனித்துறை உண்டு. அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லை என்றால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். மொழியியலில் பழைய பேர். படித்துவிட்டு என்ன வேலை? பாடப்புத்தகம் எழுதும் பதிப்பகங்கள், கம்பெனிகளின் பயிற்சிப் பிரிவு, அகராதி வேலை, பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருளுக்கு மொழித் தரவு தயாரிப்பது. கடைசியாகச் சொன்னது பெரியப்பா சொல்லும் அதே ஐ.டி.தான், வேறு வாசல் வழியாக.

இப்படி நோட்டில் எழுதிக்கொண்டிருப்பது பிழைப்பாகுமா என்று அப்பா கேட்டார். ஏ.எஸ். ஹார்ன்பி என்று ஓர் ஆங்கிலேயர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். எந்த வினை எந்த அமைப்பில் வரும், பின்னால் எது வரக்கூடாது என்று சேர்த்துச் சேர்த்துச் சகாக்களோடு ஓர் அகராதி போட்டார். 1942இல் டோக்கியோவில் அச்சானது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு எடுத்து வெளியிட்டது. இன்று உங்கள் மகள் வைத்திருக்கும் மாணவர் அகராதி அதன் வழி வந்ததுதான்.

ஒன்றை மறைக்க மாட்டேன். இந்தத் துறையில் முதல் சம்பளம் சின்னது. எம்.ஏ. இல்லாமல் பெரிதாக நகராது. ஆங்கில ஆசிரியர்களுக்கான கேம்பிரிட்ஜ் சான்றிதழ், செல்ட்டா, நல்ல படிப்பு. 120 மணி நேரம், அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு முன்னால் நின்று பாடம் எடுக்க வேண்டும். கட்டணம் லட்சத்தைத் தாண்டும். அதைச் சொந்தச் சம்பளத்தில் அவளே படித்துக்கொள்ளட்டும். இப்போது அதற்காக நகையில் கை வைத்தால் என்னிடம் திரும்ப வராதீர்கள்.

"அந்த 50,000?" என்றார் அப்பா. வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக்கூடாது என்பது பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கவும் கூடாது. திங்கள்கிழமை காலையில் கடையைத் திறப்பதற்கு முன் கடிதத்தோடு போங்கள், நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள், வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள் என்றேன். கடிதத்தை என் மேசையிலேயே உட்கார்ந்து அவள்தான் எழுதினாள். 'ரீஃபண்ட்' வரை வந்து பேனாவை நிறுத்தி, "பே பேக் என்று எழுதினால் அவர்கள் கடன் வாங்கினார்கள் என்று ஆகிவிடுமா மேடம்?" என்று கேட்டாள்.